மூன்று ஃபியூஸ் கட்டைகள்

எங்கள் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருக்கின்றன. வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். லைன்மேனாக இருந்த என் கணவர் கம்பம் ஏறும் முன் டிரான்ஸ்ஃபார்மரில் கட்டைகளைப் பிடுங்கித் தன் பையிலேயே போட்டுக்கொள்வார். அவர் இறங்கும்வரை வேறு யாரும் மின்சாரம் கொடுத்துவிடக் கூடாதே. தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரம் சாலைக் கம்பத்தில் மின்சாரம் தாக்கி அவர் இறந்தபோதும் மூன்றும் அந்தப் பையில்தான் இருந்தன.

அவருடைய பொருள்களைச் செங்கல்பட்டு மின்வாரிய அலுவலகத்தில் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே வேலை பார்த்த டைப்பிஸ்ட் அக்கா அப்போது அந்த விபத்தின் அறிக்கையைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். சந்தேகமான ஆங்கிலச் சொல் வந்தால் அகராதி பார்க்காமல் விரலை வைக்கமாட்டார். அலுவலகமே அதைக் கேலி செய்யும். அன்று அவர் நின்றது ‘எலக்ட்ரோக்யூட்’ என்ற சொல்லில். மின்சாரத்தைச் சொல்லும் ‘எலக்ட்ரோ’வோடு, மரண தண்டனையை நிறைவேற்றுவதைச் சொல்லும் ‘எக்ஸிக்யூட்’டின் வாலை ஒட்டி, குற்றவாளிகளை மின்சாரத்தால் கொன்ற காலத்தில் அமெரிக்காவில் செய்த சொல்லாம். அதற்குப் பக்கத்திலேயே ‘தன் கவனக்குறைவால்’ என்று பொறியாளர் எழுதியிருந்தார். செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்? எல்லா அறிக்கையிலும் அப்படி எழுதுவதுதான் அங்கே வழக்கம்.

அக்கா என் பையை வாங்கிப் பார்த்தார். கட்டைகளை எடுத்துக்கொண்டு நேரே பொறியாளரின் மேசைக்குப் போனார். நானும் அழுதுகொண்டே பின்னால் போனேன்.

“சார், மூணு கட்டையும் அவரு பையில கீது. அப்பால இன்னா கவனக்குறைவு? இந்த வார்த்தையே தப்பு செஞ்சவனுக்குன்னு செஞ்சது. நான் அடிக்க மாட்டேன்.”

மெமோ கொடுப்பேன் என்று பொறியாளர் மிரட்டினார்.

“குடுங்க சார். அதையும் நான்தானே அடிக்கணும்.”

மறுபடி விசாரித்தார்கள். பக்கத்து விடுதியின் ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்தது தெரிந்தது. ‘எல்லா முறைகளையும் பின்பற்றிப் பணிசெய்தபோது இறந்தார்’ என்று அறிக்கை மாறியது. பிறகு கருணை அடிப்படையில் எனக்கு அங்கேயே வேலை கிடைத்து, அக்காவின் பக்கத்து நாற்காலியிலேயே பல வருடம் உட்கார்ந்தேன். அது எனக்குப் பெருமை. ஒரு சொல்லை மாற்றினால் போனவர் வரமாட்டார்தான். ஆனால் பழியோடு போகவில்லை.

இன்றும் ஆயுத பூஜையன்று அந்தக் கட்டைகளுக்குப் பொட்டு வைக்கிறேன். அவற்றின் அடியில் அறிக்கையின் நகல் இருக்கிறது. அப்பா எப்படி இறந்தார் என்று யாராவது கேட்டால் என் மகன் கட்டைகளை நகர்த்தி, அந்தத் தாளை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவான்.