ஸ்ரெல்லா கேட்கும் ‘ஓம்’

“கொடுவாக்கத்தியை அம்மியடியிலை இருந்து எடுத்து கூரை முகட்டு வளையிலை செருகியிருக்கிறன். அம்மா, கத்தி எங்கை?”

“வளையிலை.”

“இராசமலர் அக்கா?”

“ஓமடி பிள்ளை, வளையிலை, வளையிலை! விடிஞ்சால் உன்ரை சோதினை.”

“கிறகோரி?”

பல் துலக்கிக்கொண்டிருந்த தம்பி கையை மட்டும் உயர்த்தினான். ஸ்ரெல்லாவுக்கு அது போதாது. அவன் வாயைக் கொப்பளித்து, “ஓம், வளையிலை” என்று சொல்லும்வரை கிணற்றடியில் நின்றாள். அதன் பிறகுதான் கத்தி இருந்த இடத்தில் உப்புச் சிரட்டையை வைத்தாள்.

குருநகரில் அவளுடைய வீட்டு வழக்கம் அது. கடலில் நட்ட வலைத்தடியை இடம் மாற்றினால், ஒவ்வொரு தோணிக்காரரிடமும் போய் ‘ஓம்’ வாங்கிய பின்னரே பழைய இடத்தில் வேறு எதையும் இறக்குவார்கள். ஷெல்லுக்கு அஞ்சிக் கடலை விட்டு உரும்பிராய்க்கு வந்து, மார்க்கண்டு, இராசமலர் தம்பதியின் வீட்டுப் பின்பாதியில் குடியிருந்தும் ஸ்ரெல்லா அந்த ‘ஓம்’ஐ விடவில்லை. “சொன்னால் காணாது. கேட்ட ஆள் திருப்பிச் சொல்லவேணும்” என்பாள். “கோழிக்கும் சொல்லிப்போட்டியோ அக்கா?” என்று கிறகோரி கேலி பண்ணுவான். “அது உன்னை மாதிரி இல்லை, ஒருக்காச் சொன்னால் விளங்கும்” என்று பதில் வரும்.

முப்பத்துமூன்று வயது. ஒடிந்துவிடுவது போன்ற மெல்லிய உடம்பு. ஆனால் குரலோ கரையிலிருந்து தோணியை அழைக்கும் குரல். நாடா கிடைக்காத காலத்தில், மை காய்ந்த பிரின்ரர் ரிப்பனை வெட்டிக் கொண்டையைக் கட்டுவாள். கழுத்தில் செபமாலை, காதோரம் பென்சில். எண்பத்துமூன்றுக் கலவரத்தில், கொழும்பில் பார்த்த கணினி வேலையையும் அடுக்கிவைத்த சேலைகளையும் விட்டுவிட்டு அகதிக் கப்பலில் வந்திறங்கியபோது, அவள் நெஞ்சோடு அணைத்திருந்தவை இரண்டு தடித்த புத்தகங்கள். அழவில்லை. “படிச்சது தலையிலை இருக்கு, அதை ஆர் எரிக்கிறது?” என்றாளாம். அந்தத் தலை அன்றும் குனியவில்லை, இன்றும் குனியவில்லை!

மார்க்கண்டு வீட்டு முன்னறையில்தான் அவளுடைய வகுப்பு. மின்சாரம் நின்று வருடங்களாகிவிட்டன. சேலைன் போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் காட்டி ஜெனறேற்றரை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவது மார்க்கண்டுவின் வேலை. அறையில் இருப்பது ஒரே கணினி. அதிலிருந்து நான்கு திரைகளும் நான்கு விசைப்பலகைகளும் கிளை பிரிகின்றன. நான்கு பேருக்கும் அந்த ஒன்றைக் கணநேர முறைகளாகப் பங்கிட்டுக் கொடுக்கும் கருநிரல் என்னும் அடிப்படை நிரலை ஸ்ரெல்லாவே எழுதினாள். ஒரு போத்தல் எண்ணெயில் நான்கு பிள்ளைகள் படிப்பது அதனால்தான்.

மாணவர்களுக்கு அதை அவள் விளக்கும் விதமே தனி. “கொம்பியூட்டர் ஞாபகத்திலை ஒவ்வொருத்தருக்கும் தன்ரை ஒண்டாம் அறை, ரெண்டாம் அறை எண்டு ஒரு கணக்கு. அந்த அறை உண்மையிலை எங்கை இருக்கு எண்டது அட்டவணையிலை கிடக்கு. ஆனால் கொம்பியூட்டரின்ரை மூளை சோம்பேறி. ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் பாக்கப் போகாது. ஒருக்காப் பாத்ததை மடியிலை முடிஞ்சு வைச்சிருக்கும். நான் அட்டவணையை மாத்தினாலும் மடியிலை பழசுதான் கிடக்கும். என்ன செய்யவேணும்?”

“மடியை உதறவேணும் ரீச்சர்!” என்று வகுப்பே கத்தும்.

அப்படியிருந்தும் அது நடந்துவிட்டது. மீனாம்பிகை தட்டச்சு செய்துகொண்டிருந்த பரீட்சைக் கட்டுரையின் நடுவில் வின்சன்றின் எண்கள் வரிவரியாக வந்து விழுந்தன. அவள் திரையைப் பார்த்து விம்மினாள். “நான் தொடேல்லை ரீச்சர், மாதாவாணை!” என்று வின்சன்ற் இரண்டு கைகளையும் தூக்கினான். மறுநாளும் அதே கதைதான்.

மார்க்கண்டு கடுமையானவர் அல்லர். என்றாலும் ஜெனறேற்றரை நிறுத்திவிட்டு வந்து சொன்னார். “பிள்ளை, ஞாயிறு வரைக்கும் பாக்கிறன். திரும்பவும் கலந்துதெண்டால் ஒரு நேரத்திலை ஒருத்தர்தான். எண்ணெய் அவ்வளவுக்குத்தான் கிடக்கு.”

ஒருவர் என்றால் மற்றவர்கள்? வகுப்பில் முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பவேண்டும். யாரை அனுப்புவது? அரியாலையிலிருந்து சைக்கிள் உழக்கி வரும் வின்சன்றையா, காப்பை விற்றுப் பணம் கட்டிய மீனாம்பிகையையா? அந்தக் கேள்வி அவள் நெஞ்சை அறுத்தது. வாய் மட்டும், “கலக்காது அண்ணை. நான் பிடிப்பன்” என்றது.

அந்த வாரம் பெய்த மழையில் முருங்கையடியில், விமானக் குண்டுவீச்சுக்கு ஒளியவென்று இருந்த பங்கரின் சுவர் இடிந்தது. கிறகோரியும் மார்க்கண்டுவும் தேசிமரத்தடியில் புதுப் பங்கர் வெட்டினார்கள். ஸ்ரெல்லா விடுவாளா? குசினி அடுப்படியிலிருந்து புதுப் பங்கருக்கு அம்மாவை நடத்தினாள். கிணற்றடியிலிருந்து இராசமலரை ஓடவிட்டாள். மாணவர்களை வாங்கிலிருந்து எழுப்பி வரிசையாக இறக்கி ஏற்றினாள். “பொம்மர் வரேக்கை மூளை ஓடாது, கால்தான் ஓடும். காலுக்குச் சொல்லிக் குடுங்கோ!” எல்லோரிடமும் ‘ஓம்’ வாங்கிய பிறகே பழைய குழியை மார்க்கண்டுவிடம் ஒப்படைத்தாள். அவர் அதைப் பாதிக்குத் தூர்த்து, வாழைக்குட்டி நட்டு, ஆடு தின்னாமல் மேலே வாள்போல் அறுக்கும் பனங்கருக்குமட்டைகளைப் போட்டார்.

சனிக்கிழமைக் காலை. ஸ்ரெல்லா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து, எழுதிய நிரலை மடியில் விரித்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் உறுமியது. “பொம்மர்! பொம்மர்!” என்ற கூக்குரல் வேலிக்கு வேலி தாவியது. அம்மா தேசிமரத்துக்கு ஓடினாள். இராசமலர் ஓடினாள், வின்சன்ற் மீனாம்பிகையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். எல்லோருடைய கால்களும் சரியான இடத்துக்கே ஓடின.

ஸ்ரெல்லாவின் கால்கள் முருங்கையடிக்கு ஓடின.

குனிந்து பாய்ந்தவள் கருக்குமட்டைகளின் நடுவில் போய் விழுந்தாள். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் கிழிந்தது. எங்கோ தொலைவில் குண்டு விழுந்த அதிர்வில் மண் உதிர்ந்து தலையில் கொட்டியது. செபமாலையை இறுகப் பற்றிக்கொண்டு கிடந்தாள். “மாதாவே, இவ்வளவு பேருக்கும் படிப்பிச்சனே, எனக்கு ஆர் படிப்பிச்சது?” என்று அந்த உள்ளம் கதறியது.

கதறிய உள்ளம் அந்தக் கணமே திடுக்கிட்டு நின்றது.

இரைச்சல் ஓய்ந்ததும் குழியின் விளிம்பில் கிறகோரியின் முகம் தெரிந்தது. பயத்தில் வெளிறியிருந்த முகம், அவள் உயிரோடு இருப்பதைக் கண்டதும் கேலிக்குத் திரும்பியது. “ஓம் சொல்லாத ஒரே ஆள் ஆரெண்டு இப்ப தெரியுது!”

“ஓமடா,” என்றாள் ஸ்ரெல்லா, இரத்தமும் சிரிப்புமாக. “தூக்கிவிடு கெதியா.”

குழிக்குள்ளேயே நிரலின் பிழை அவளுக்குப் பிடிபட்டிருந்தது. ஆள் மாறும்போதெல்லாம் மடியை உதறு என்று நிரலில் எழுதியிருந்தாள். வின்சன்றின் முறை முடிந்து மீனாம்பிகையின் முறை வரும்போது அது தவறாமல் நடந்தது. ஆனால் வின்சன்றின் முறை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் தன் அறையொன்றின் இடத்தைத் திருப்பிக் கொடுத்தால்? ஆள் மாறவில்லை, மடியும் உதறப்படவில்லை. அந்த இடமோ மீனாம்பிகை தட்டும் எழுத்துகளைத் தாங்க உடனே போய்விடும். இன்னும் பழகும் வின்சன்றின் நிரலோ, விட்ட இடத்திலேயே பழைய ஞாபகத்தில் எண்களைக் கொட்டும். மற்றவர்களுக்கெல்லாம் சொன்னவள், இடத்தைக் கொடுப்பவனுக்கே சொல்ல மறந்திருந்தாள்.

“ஜெனறேற்றரைப் போடுங்கோ அண்ணை!”

“ரத்தம் ஒழுகுது பிள்ளை, முதல்லை மருந்து...”

“அது தானாய் நிக்கும். இது நிக்காது.”

அட்டவணையில் பழையதை அடித்துவிடு. அந்தக் கணமே சொந்த மடியை உதறு. அதன் பிறகே இடத்தை அடுத்தவருக்குக் கொடு. இவ்வளவுதான் அவள் புதிதாக எழுதியது.

ஞாயிறன்று வின்சன்ற் வேண்டுமென்றே இடத்தை வாங்குவதும் கொடுப்பதும் கொடுத்த இடத்தில் எழுதுவதுமாகக் கணினியைப் படாதபாடு படுத்தினான். பக்கத்தில் மீனாம்பிகை மூச்சை அடக்கிக்கொண்டு தட்டினாள். போத்தல் எண்ணெய் முடியும்வரை ஓர் எண்கூட அவளுடைய கட்டுரைக்குள் எட்டிப்பார்க்கவில்லை. மார்க்கண்டு இன்னொரு போத்தலைக் கொண்டுபோய் ஜெனறேற்றருக்குள் ஊற்றினார். பிறகு, நாளைக்கு வரும் பிள்ளைகள் உட்காரவென்று ஒரு நீள வாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஸ்ரெல்லா காலில் கட்டோடு எழுந்து, வாசலில் இருந்த எண்ணெய்க் கானை நகர்த்தினாள். “கானைக் கதவுக்குப் பின்னாலை வைச்சிட்டன். எங்கை?”

“கதவுக்குப் பின்னாலை!” என்றது வகுப்பு. மார்க்கண்டுவும் சொன்னார். சொல்லிக்கொண்டே, கான் இருந்த இடத்தில் வாங்கை இறக்கப் போனார்.

“பொறுங்கோ அண்ணை.”

வாங்கு அந்தரத்தில் நின்றது. ஸ்ரெல்லா மை படிந்த தன் வலக்கையைத் தூக்கினாள். “ஓம், கதவுக்குப் பின்னாலை” என்று தனக்கே சொன்னாள். பிறகு அந்தக் கையாலேயே, வாங்கை இறக்கச் சொல்லி அவருக்குச் சைகை காட்டினாள்.