அக்காவின் முகத்தைக் குறைக்கச் சொன்னோம்

எங்கள் ஊரில் படம் என்றால் காலண்டர் சாமி, கல்யாண ஆல்பம், கட்சித் தலைவரின் கட்-அவுட். இவற்றுக்கு வெளியே ஒரு மனிதர் படம் போட்டுப் பிழைக்க முடியும் என்று உத்திரமேரூரில் யாரும் நினைத்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையிலிருந்து வந்து ஏரிக்கரைப் பக்கம் வாடகைக்கு வீடெடுத்த ஓவியரை, வேலை வெட்டி இல்லாதவர் என்றுதான் நானும் எண்ணினேன். அவர் மரம் வரையவில்லை, கோயில் வரையவில்லை. ஆட்களை எதிரில் உட்காரவைத்துத் துணியில் எண்ணெய்ச் சாயத்தால் வரைவார்.

என் அக்கா சத்துணவுக் கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள்; தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் படத்துக்கு எதிரில் வந்து உட்கார முடியுமா என்று ஓவியர் அவளைக் கேட்டார்.

"சும்மா குந்திக்கினு இருந்தா போதுமாம். சும்மா குந்தறதுக்கு என்னை யாரு இதுவரிக்கும் கூப்ட்டாங்க?" என்று சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் போய் வந்தாள்.

படம் முடிந்ததும் நானும் பார்க்கப் போனேன். முதலில் கண்ணில் பட்டவை கைகள். மடியில் கிடந்த இரண்டு கைகள். உலைநீர் தெறித்த தழும்பு, புளி கரைத்துக் கரைத்து வெளுத்த விரல் நுனிகள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தயாராக இருக்கும் மணிக்கட்டு. சிறு வயதிலிருந்து அந்தக் கையால் சாப்பிட்டவன் நான். அதை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. வெறும் சாயத்தை வைத்து ஒரு மனிதர் இதைச் செய்ய முடியுமா என்றிருந்தது.

பிறகு முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே பை விழுந்து, கன்னம் உப்பியிருந்தது.

"இன்னா சார் இது? எங்க அக்கா மூஞ்சி பன்னு கணக்கா ஊதிக்கினு கீது?"

"நான் பார்த்ததத்தாங்க போட்டிருக்கேன்," என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ அனுப்புவதென்றால் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் டச்சப் செய்துதான் கொடுப்பார். கன்னத்தைக் குறைப்பார், நிறத்தைக் கூட்டுவார், மருவை எடுப்பார். அது தெரியாதவர் தொழில் தெரியாதவர். அதையே இவரிடமும் சொன்னேன். அக்காவும் சேர்ந்துகொண்டாள்.

"கொஞ்சம் கொறச்சிடு சார். எனக்குன்னு கீறது இந்த ஒரு படந்தான்."

அவர் மறுபடி பிரஷ்ஷை எடுத்தார். அடுத்த வாரம் படத்தில் முகம் ஒடுங்கி, கண் தெளிந்து, லட்சணமாக இருந்தது. அக்காவுக்கு வாயெல்லாம் பல். படத்தை அவர் எங்களுக்கே கொடுத்துவிட்டார்.

ஐந்தாறு மாதம் கழித்து, சோற்றைக் கண்டாலே அவளுக்குக் குமட்டியது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவள் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. கிட்னி இரண்டும் கெட்டுவிட்டது என்றார். "வீக்கம் எப்போலேர்ந்து இருக்கு? மொதல்ல முகத்துல தெரிஞ்சிருக்குமே?"

அக்கா என்னைப் பார்த்தாள். "தெரியல சார்," என்றேன். பொய். படம் வரைந்த நாட்களிலேயே இருந்தது. ஒருவர் அதைப் பார்த்து எங்களுக்குக் காட்டவும் செய்தார். நாங்கள்தான் அழிக்கச் சொன்னோம்.

"முன்னாடியே வந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஓவியரிடம் போய்ச் சண்டை போட்டேன். தப்புதான், யாரிடமாவது போட வேண்டியிருந்தது. "நோய்னு எனக்குத் தெரியலங்க. அப்படி இருந்துது, போட்டேன்," என்றார். அவர் குரலும் உடைந்திருந்தது.

கடைசி மாதங்களில் அக்கா வற்றி, முகம் எலும்பாகி, போய்ச் சேர்ந்தாள். அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டோம். வந்தவர்கள் எல்லாரும், "அப்டியே உசுரோட கீற மாதிரியே கீது" என்றார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓவியரிடம் போனேன். "நீங்க மொதல்ல போட்டீங்களே, அந்த மூஞ்சியவே போட்டுக் குடுத்துடுங்க சார்," என்றேன். அவர் சாயம் குழைத்து உட்கார்ந்தார். பிரஷ்ஷை முகத்தருகே கொண்டுபோவதும் எடுப்பதுமாக மதியம் முழுக்கப் போயிற்று. கடைசியில், "எது வரைக்கும் உப்பியிருந்துதுன்னு நீங்களாவது சொல்லுங்க," என்றார்.

கண்ணுக்குக் கீழே, என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. ஒரே வீட்டில் இருந்தவன். அந்த முகத்தை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான், அதுவும் கோபத்தில்.