கீழ்வீட்டு கரண்ட்

தெருவில் அவளை வார்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைக்கும் வேலை. அங்கே படிந்த கைப்பழக்கமும் போகவில்லை, வாய்த்துடுக்கும் போகவில்லை. மாமனார் படுத்த படுக்கையானதும், மூத்த மருமகள் நீதானே, தொழில் தெரிந்தவள் நீதானே என்று எல்லோருமாகச் சேர்ந்து அவரை அவள் தலையில் கட்டினார்கள். புருஷனுக்கு வெளியூரில் வேலை. மாடியில் அவளும் மாமனாரும்; கீழே கொழுந்தன் குடும்பம்.

கொழுந்தன் மனைவிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். எல்லாம் தண்ணீரால் வந்தது. மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டாரின் ஸ்விட்ச், கீழ்வீட்டுச் சமையலறையில் இருந்தது. எங்கள் கரண்டில் ஓடுகிறது, எனக்கு ஒழிந்தபோதுதான் போடுவேன் என்பது சின்னவள் போட்ட சட்டம். மேலேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தக் காதில் ஏறாது. ஏறினால், தாளிப்பை முடித்துவிட்டு, துணியை உலர்த்திவிட்டு, மெதுவாக ஸ்விட்ச் பக்கம் போவாள்.

அந்த ஸ்விட்சும் படுத்துவிட்டது. கொஞ்ச நாளாகவே அழுத்தினால் நிற்காமல் எகிறியது. சின்னவள் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் கருகிய வாடை வந்தது, மோட்டார் நின்றது. என் வீட்டுக்காரர் சனிக்கிழமை பார்ப்பார் என்று சொல்லிவிட்டாள். கீழ்வீட்டுக்கும் அதே தொட்டித் தண்ணீர்தான் என்றாலும், அங்கே டிரம் நிறையப் பிடித்துவைத்திருந்தது. அவளுக்கென்ன?

மேலே தொட்டி காலி. மாமனார் படுக்கையிலேயே மலம் போய்விட்டிருந்தார். முதுகுக்குக் கீழே படுக்கைப்புண் அப்போதுதான் வாய் திறந்திருந்தது. அதில் அழுக்குப் பட்டால் சனிக்கிழமைக்குள் சீழ் வைத்துவிடும். கீழே போய் இரண்டு வாளி கேட்டாள். சின்னவள் அரை வாளியைக் காலால் தள்ளிவிட்டாள்.

வார்டு அக்கா அந்த அரை வாளியில் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, கடைக்குப் போய் மோட்டாருக்கான கனத்த ஸ்விட்ச் ஒன்றும் டெஸ்டரும் வாங்கிவந்தாள். கேட்காமல் கீழ்வீட்டுக்குள் நுழைந்தாள். வாசலில் இருந்த கீழ்வீட்டு மெயினை அணைத்தாள். மிக்ஸி பாதியில் நின்றது.

யார் வீட்டு மெயினில் யார் கை வைப்பது என்று சின்னவள் பிடித்துக்கொண்டாள். பிறந்த வீட்டு வளர்ப்பு வரை இழுத்தாள். வார்டு அக்கா சமையலறைச் சுவரிலிருந்த ஸ்விட்ச் பலகையைக் கழற்றினாள். தொடுவதற்கு முன், வயரில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தாள்.

எரிந்தது.

டெஸ்டர்தான் கோளாறு என்று நினைத்து, மிக்ஸி செருகியிருந்த இடத்தில் வைத்தாள். எரியவில்லை. மறுபடி மோட்டார் வயரில் வைத்தாள். எரிந்தது.  பிறகு மாடிக்கு ஏறித் தன் வீட்டு மெயினை அணைத்தாள். மாமனார் ஃபேன் நின்றதற்குக் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். காதில் வாங்காமல் இறங்கிவந்து டெஸ்டரை வைத்தாள். இப்போது எரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மாமனார் முன்பு கீழே வாடகைக்கு விட்டிருந்தபோது, மோட்டாருக்குத் தன் மாடி மீட்டரிலிருந்தே வயர் இழுத்திருந்தார். பாகம் பிரிந்த பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஸ்விட்ச் இருக்கும் சுவர்தான் கரண்டுக்கும் சொந்தம் என்று இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள்.

"எங்க கரண்ட், எங்க கரண்ட்டுன்னு குதிச்சியே. இத்தனை நாளும் என் கரண்ட்டுலதான் குளிச்சிருக்கே."

"நான் என்ன, வயர் இழுக்கும்போது பக்கத்துல நின்னேனா?"

"நிக்கலை. இனிமே இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதே. எனக்கு வேணும்கிறபோது வந்து மோட்டாரைப் போடுவேன். தாழ்ப்பாள் போட்டியோ, மேல மெயினை அணைச்சுடுவேன். அப்புறம் உன் டிரம்மும் காலிதான்."

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வரும்போது செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாள். அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய ஸ்விட்சில் திருகு உருகி ஒட்டியிருந்தது. வயர் நுனியைச் சுரண்டி, புதியதில் இறுக்கி, பலகையை மாட்டினாள். இரண்டு மெயினையும் போட்டாள். ஸ்விட்ச் எகிறாமல் அழுத்திய இடத்திலேயே நின்றது. மோட்டார் இரைந்தது.

தொட்டி கால்வாசி ஏறியதுமே தண்ணீர் பிடித்துவந்து, மாமனாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, புண்ணைச் சுற்றிக் கழுவினாள். சீழ் இல்லை. கிழவர் சுவரைப் பார்த்தபடியே கத்தினார்.

"தண்ணி ஜில்லுன்னு இருக்கு. என்னைக் கொல்லப் பாக்கறியா?"

"முதல்ல புண்ணு ஆறட்டும் மாமா. அதைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்" என்று சொல்லி, அடுத்த துணியைப் பிழிந்தாள்.