சங்கரன் பெயர் இருந்த ஓரம்

எண்ணெய் கலந்த அச்சு மையின் காட்டமான வாசனை ஒரு வாரமாக எங்கள் வீட்டு மச்சிலிருந்து இறங்கி, அடுக்களையில் கொதிக்கும் ரசத்தின் வாசனையையே அமுக்கிவிட்டிருந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுப்பதற்காக என் தம்பி சங்கரன் பூவரசம் பலகையில் படம் செதுக்கி அச்செடுத்துக்கொண்டிருந்தான். வாசனை ஏது என்று கேட்ட அப்பாவிடம், பள்ளிக்கூடத்து வேலை என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். அவனுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பதினாறு. வகுப்பில் முதலாவதாக வருகிறவன் நான். கணக்கில் இரண்டு முறை தவறியவன் அவன். பாளையங்கோட்டை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டு நிறுத்திக் காட்டுவார்.

அப்பா தினமும் குளிக்கப் போகும் குறுக்குத்துறையைத்தான் சங்கரன் செதுக்கியிருந்தான்: பாறைகள், ஆற்றைத் தொட்டு நிற்கும் முருகன் கோயில், ஈரவேட்டியோடு படியேறும் ஒரு மனிதரின் முதுகு. பலகையில் எழுத்தைத் திருப்பி வெட்டினால்தான் தாளில் நேராக விழும் என்பதால், கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அடி ஓரத்தில் தன் பெயரையும் பொடி எழுத்தில் வெட்டியிருந்தான். தாளைப் போட்டு அகப்பையின் முதுகால் தேய்த்து எடுத்ததில் முதல் இரண்டும் மை இழுகிப்போயின. மூன்றாவது துலக்கமாக விழுந்தது, அதோடு பலகையும் குறுக்கே வெடித்துவிட்டது. மிஞ்சிய அந்த ஒரே தாளைப் பார்த்த அம்மா, "ஏ, இது உங்க அப்பால்லா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். என் பரீட்சைத் தாள் எதையும் பார்த்து அவள் அப்படி வாயைப் பொத்தியதில்லை.

சங்கரன் காய்ச்சலில் படுத்துவிட்டதால், படத்துக்குச் சட்டம் போட்டு வர என்னை அனுப்பினார்கள். ரதவீதிக் கடைக்கார அண்ணாச்சி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குலே. ஓரத்தை எங்கன வெட்டணும்?"

"பேருக்கு மேல."

"பேரு போயிருமேலே?"

"போகட்டும் அண்ணாச்சி."

அவர் கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தார். பிறகு படத்தை அட்டையில் ஒட்டி, கண்ணாடி வைத்து, தேக்குச் சட்டத்துக்குள் இறக்கி ஆணி அடித்தார்.

கல்யாணத்தன்று, அம்மா வந்தவர்களைக் கவனிக்கப் போயிருந்த நேரத்தில் நாங்கள் படத்தைக் கொடுத்தோம். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சங்கரன் படத்தின் அடியைப் பார்த்தான்; பிறகு என்னைப் பார்த்தான்.

"எந்தக் கடையில வாங்குனிய?" என்றார் அப்பா.

சங்கரன்தான் பைய சொன்னான்: "வாங்கலப்பா. நானும் அண்ணனும் சேந்து செஞ்சோம்."

"இவனுக்கு இதுவும் வருதா!" என்று அப்பா என் தலையில்தான் கை வைத்தார்.

சில வருஷங்களில் சங்கரன் கொழும்புக்கு ஓர் அச்சுக்கூட வேலைக்குப் போனான். அங்கேயே குடும்பமாகி, அங்கேயே காலமானான். கடைசிவரை அவன் என்னிடம் தன் பெயர் போனதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இப்போது அந்த வீடு வேறு யாருடையதோ. படத்தை ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. சட்டக்கடை இருந்த இடத்தில் ஜவுளி விற்கிறார்கள்.

போன மாதம் சங்கரனின் மகள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். இனியும் மறைக்கக் கூடாதென்று, "உங்க அப்பா செஞ்ச படம் ஒண்ணு..." என்று தொடங்கினேன்.

"தெரியும் பெரியப்பா," என்று அவள் சிரித்தாள். "கடைக்காரர் அளவு தப்பா வெட்டி அப்பா பேரு போயிட்டுதாம். அதுக்காக நீங்க அன்னைக்கு முழுக்க அழுதீங்களாமே."

நான் அன்று அழவில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.