நான் மூடிய ஹவுல்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் கூரைக்கு மூட்டை ஏற்றிய தோள் இது. இன்றைக்கு மூன்று மாடி ஹாட்வெயார் கடைக்குச் சொந்தக்காரன். கண்டிக்கு வடக்கே எங்கள் பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் குழாயைத் திறந்தாலும் அது என் கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அப்பேர்ப்பட்ட நான் ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக ஏங்குகிறேன் என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு ஹவுல் இருந்தது. தொழ வருகிறவர்கள் சுற்றி உட்கார்ந்து கை, முகம், கால் கழுவி வுழூ செய்யும் தொட்டி. பின்னால் இருக்கும் மலையின் ஊற்று கல்வாய்க்காலில் இறங்கி அதில் விழும். நிரம்பி வழிவது வாழைகளுக்குப் போய், மிச்சம் கீழே வயலில் இறங்கும். அதைக் கட்டியவருக்கு என்னைவிடப் படிப்பு இருந்திருக்காது. ஆனால் தண்ணீர் எங்கே நிற்க வேண்டும், எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விடியற்காலைச் சுபஹு நேரத்தில் கையை விட்டால் குளிர் எலும்பைத் தொடும். முகம் கழுவி நிமிர்ந்தால் எதிர்க்கல்லில் வாப்பா இருப்பார், தாடியில் நீர் சொட்ட. காணித் தகராறில் பேசாமல் இருந்த ஊர்ப் பெரியவர்கள், இரண்டு காக்காமார்கூட அங்கே எதிரும் புதிருமாகக் குந்தத்தான் வேண்டும். வேறு இடமில்லை. எத்தனையோ கோபம் அந்தத் தண்ணீரில் கரைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கையில் நாலு காசு வந்ததும் பள்ளிவாசலுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டேன். குழாய் விற்கிறவனுக்குத் தோன்றுவது குழாய்தானே? ஹவுலை மண் போட்டு மூடி, சுவர் எழுப்பி, வரிசையாகப் பித்தளைக் குழாய்கள் வைத்துத் தருகிறேன் என்றேன். நிர்வாக சபையில் பாங்கு சொல்லும் மோதினார் ஒருவர்தான் வாய் திறந்தார்.

"ஹாஜியார், எல்லாரையும் சுவரப் பாக்க வெக்கப் போறீங்களா?"

"நல்ல டைல்ஸ் ஒட்டித் தாரேன், அதப் பாத்துக்கிட்டு ஈங்க" என்றேன். சபையே சிரித்தது. நான் வென்றேன்.

ஊற்றின் வாய்க்கு நானே நின்று கொங்கிரீட் போட்டேன். கல்வாய்க்காலில் ஓடிய தண்ணீரைப் பைப்புக்குள் அடைத்தேன். வாழை காய்ந்தது. வயலுக்கு நீர் இல்லையென்று மண் நிரப்பிக் கடைகள் கட்டினார்கள். அதற்குச் சீமெந்தும் நான்தான் கொடுத்தேன். பிறகு பெருமழை வரும்போதெல்லாம் தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை. ஓயா, எங்கள் சிற்றாறு, ஏறிக் கடைத்தெருவுக்குள் வந்தது. என் கீழ்மாடியில் அடுக்கியிருந்த சீமெந்து மூட்டைகளைக் கல்லாக்கிவிட்டுப் போனது. வெயில் காலத்திலோ பள்ளிக் குழாய்கள் வெறுங்காற்றை ஊதின.

போன வருஷம் எங்கள் பள்ளத்தாக்கின் தண்ணீருக்குத் திட்டம் போட ஒரு பெண் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இந்தத் துறையில் பெரிய படிப்பு. பள்ளிவாசல் செயலாளர் அவரை முற்றத்துக்கு அழைத்து வந்தார்.

"ஐயா, இந்தத் தரைக்குக் கீழ ஒரு தொட்டி இருந்ததாமே? ஆர் மூடினது?"

"ஒரு மடையன்" என்றேன்.

"அந்த மடையன் இவர்தான்" என்றார் செயலாளர், கொஞ்சமும் யோசிக்காமல்.

மூடியதைத் திறந்து, வழியும் நீரை மறுபடி வாழைக்கும், மிஞ்சிக் கிடக்கும் வயல் துண்டுக்கும் விடலாம் என்று அந்தப் பெண் படம் கீறினார். வட்டத் தொட்டி, நடுவில் தாமரை. அழகான படம். எனக்குப் பொறுக்கவில்லை. பென்சிலை வாங்கினேன்.

"மகள், இது பாக்கிறதுக்கு இல்ல, கழுவுறதுக்கு. கழுவின தண்ணி திரும்ப உள்ளுக்கு விழப்படாது. குந்துற கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவுல தண்ணி ஓடச் சின்னக் கான் ஒண்டு வேணும். அந்தத் தண்ணிதான் வாழைக்குப் போற."

"ஓம், அப்ப வட்டம் சரிவராது. நீளமா வேணும்." தாமரையை அழித்தார். "இதை ஏன் ஐயா முதல்லயே சொல்லேல்ல?"

"நீங்க பூக் கீறிக்கிட்டு ஈந்தீங்க. நானும் ரசிச்சிக்கிட்டு ஈந்தேன்."

ஆனால் பழைய தொட்டியின் கரைமேல்தான் என் குழாய்ச் சுவர் நின்றது. உடைக்காமல் தோண்ட முடியாது. நிர்வாக சபை தயங்கியது.

"நீங்க பள்ளிக்குக் குடுத்த சதகாவ நாங்க ஒடைச்சோம்னு நாளைக்கி ஊரெல்லாம் சொல்வீங்க, ஹாஜியார்" என்றார் செயலாளர். "ஜும்ஆவுல எழும்பி நீங்களே சொல்லுங்க. அப்பதான் கை வெப்போம்."

கடையிலோ வீட்டிலோ யாரும் என் வாயிலிருந்து பிழை என்ற சொல்லைக் கேட்டதில்லை, என் பெண்சாதி உட்பட. அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எழுந்து நின்றேன்.

"ஹவுல நான் மூடினது பிழை. தொறக்க விடுங்க."

பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஹாஜியார், பின்னுக்குக் கேக்கல்ல. இன்னொருக்கா சொல்லுங்க!"

உரக்கச் சொன்னேன். இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

சுவர் போயிற்று. நாலைந்து குழாயை மட்டும் ஓரத்தில் விட்டார்கள். மண்ணை அள்ள அள்ள, குந்தும் கற்கள் தேய்ந்த பள்ளத்தோடு அப்படியே வெளிவந்தன. என் கொங்கிரீட்டை உடைத்து ஊற்றைத் திறந்தோம். ஊரே நின்று பார்த்தது. பென்சில் தடிப்பில் தண்ணீர் ஒரு கோடாக வந்தது. அவ்வளவுதான்.

"மேல முழுக்க வீடும் சீமெந்தும், ஐயா. மழை மண்ணுக்குள்ள இறங்காமல் ஓடிப் போகுது" என்றார் அந்தப் பெண். "சரிவில குழி வெட்ட வேணும், மரம் வைக்க வேணும். மலை குடிச்ச பிறகுதான் எங்களுக்குத் தரும்."

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு மூண்டு வருஷத்து மாரி."

மற்றவர்களுக்கு அது சின்னக் கணக்கு. என் வயதில் அப்படியில்லை. மறுநாளே என் லொறியையும் நாலு ஆட்களையும் மலைக்கு அனுப்பினேன். நான் வெட்டுவித்தது போலக் குழி யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள், போய்ப் பாருங்கள்.

மாலை அஸர் தொழுகைக்குப் போகும்போதெல்லாம் பழைய கல்லில் உட்கார்ந்து குனிகிறேன். தண்ணீர் கீழே கறுப்பாகக் கிடக்கிறது. கையை எவ்வளவு நீட்டினாலும் விரல் நனைவதில்லை. எழுந்து ஓரத்துக் குழாயில் வுழூ செய்துகொண்டு உள்ளே போகிறேன்.

நேற்று நல்ல மழை. விட்டதும் பிள்ளைகள் தடுக்கத் தடுக்க மலையேறினேன். குழிகள் நிரம்பி நின்றன. பக்கத்தில் குந்தினேன். அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.