அண்ணன் தமிழில் சொன்னது

என் அண்ணன் செத்ததற்கு நான்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் இன்றும் நம்புகிறார்கள். நான் தின்ற ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்தான், பாகு ஊற்றிய ஐஸ் சீவல்தான், ஆதாரம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அவனுக்குப் பதினைந்து. குருண் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் குடியிருந்தோம். அவனுக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து ஏற்றி, குணமாகிவிட்டது என்றார்கள். அம்மா மாதா கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தாள். நாலே மாதத்தில் நோய் திரும்பி வந்துவிட்டது.

அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவது மோசமான வகை. அன்று எங்களுக்கு இருந்த வழி ஒன்றுதான். முன்பைவிடக் கடுமையான கீமோ கொடுத்து நோயை அடக்க வேண்டும். அடங்கிய கையோடு இன்னொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்ற வேண்டும். அடங்காவிட்டால் ஏற்றிப் பயனில்லை. இந்தக் கடைசி விஷயம் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. இப்போது புது மருந்துகள் வந்திருக்கின்றன என்கிறார்கள். வரட்டும். அவனுக்கு வரவில்லை.

கூடப் பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் மஜ்ஜை பொருந்துமாம். அவனுக்குக் கூடப் பிறந்தது நான் ஒருத்தி. பொருந்திவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் நான் பிள்ளை இல்லை, மருந்துப் புட்டி. மழையில் நனையக்கூடாது, கடைப் பண்டம் தொடக்கூடாது, ஐஸ் கூடவே கூடாது. அண்ணனுக்கு மட்டும் இது வேடிக்கையாக இருந்தது.

"ஏய் ஸ்பேர் பார்ட், எங்கயும் விழுந்து வச்சிராத லா. வாரண்டி போயிரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா வாசலில் பேசிக்கொண்டு நின்றபோது, காணிக்கைக்குக் கொடுத்த காசில் ஐஸ் கச்சாங் வாங்கித் தின்றேன். செவ்வாய்க்கிழமை காய்ச்சல். ஐஸ் தின்பதால் காய்ச்சல் வராது என்று இப்போது தெரியும். அன்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னைச் சோதிப்பதாக இருந்தது. நர்ஸ் என் நெற்றியைத் தொட்டதுமே வார்டுக்குள் விடாமல் மாடிப்படி ஓரத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு டாக்டர் அறைக்குள் போனார்கள்.

டாக்டர் மலாயும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசுவார். அப்பாவுக்குத் தெரிந்தது ரப்பர் தோட்டத்தில் பழகிய அரைகுறை மலாய். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "பஹாம், டாக்டர், பஹாம்" என்று தலையாட்டுவார். புரிகிறது என்று அர்த்தம். ஒன்றும் புரியாது. டாக்டரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைப்பார். வெளியே வந்த பிறகு அண்ணனைக் கேட்பார். நோயாளியும் அவன்தான், அவனுடைய நோயைத் தமிழில் சொல்ல வேண்டியவனும் அவன்தான். டாக்டருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

அன்றும் வெளியே வந்தார்கள். அண்ணன் முகமூடி போட்டு, சற்றுத் தள்ளியே நின்றான்.

"என்னடா சொன்னாரு?" என்றார் அப்பா.

நான் இருமினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"இவளுக்குக் காய்ச்சல்லப்பா. காய்ச்சக்காரிகிட்ட எடுக்க முடியாதாம். தள்ளி வச்சிருக்காங்க. அதுவரைக்கும் என்னய வீட்டுல இருக்கச் சொல்லிட்டாரு."

வீட்டுக்கு வந்ததும் அம்மா விசாரித்தாள். ஐஸ் தின்றதை ஒத்துக்கொண்டேன். "ஒங்கண்ணன் உசுர விட ஐஸு பெருசா போச்சாடி?" என்று அறைந்தாள். அப்பா தடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் படுத்திருந்தான். அவனும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நான் வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டேன். சுடுதண்ணீர் மட்டும் குடித்தேன். எனக்குக் காய்ச்சல் விட்டு வாரக்கணக்காகியும் ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிடவில்லை. எப்போது எடுப்பார்கள் என்று அண்ணனைக் கேட்டால், "அடுத்த வாரம் லா" என்பான். மூன்றாவது மாதம் அவன் போய்விட்டான்.

அம்மா இன்றும் வருகிறவர்களிடம், "இவளுக்கு மட்டும் அன்னிக்குக் காய்ச்சல் வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பாள். நான் எழுந்து போய்விடுவேன்.

போன வருடம் வீடு மாறும்போது ஆஸ்பத்திரிக் கோப்பு கையில் கிடைத்தது. அந்தப் புதன்கிழமைத் தாளை எடுத்துப் படித்தேன். இரண்டாவது கீமோவுக்கும் நோய் அடங்கவில்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வாய்ப்பில்லை. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. குடும்பத்தாருக்கு விளக்கப்பட்டது, புரிந்துகொண்டனர். என் காய்ச்சலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மாற்று சிகிச்சைக்கு வாய்ப்பு இருந்திருந்தாலும் என் காய்ச்சலுக்கு ஒரு வாரம் பொறுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தாளைப் படித்த அன்று முழுக்க அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்பா அம்மாவால் தாங்க முடியாது என்று நினைத்திருக்கிறான். ஒன்பது வயதுக்காரி தாங்குவாள் என்று எந்தக் கணக்கில் நினைத்தான்? அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. அம்மாவிடம் தாளைக் காட்டவும் இல்லை. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் பார்த்ததெல்லாம் என்னை மாட்டிவிட்ட ஒரு அண்ணனைத்தான். தான் சாகப்போகிறோம் என்பதைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கேட்டவன் அவன் என்பதும், அவனை உட்காரவைத்து அதைத் தமிழில் சொல்ல அந்த மாடியில் ஒருவரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியாது.