புரட்டாசியில் மான்கறி

வாசுகிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. தேர் ரூஜ் என்ற ஊரில் அவர்கள் வீட்டு மாடியில் நான் குடியிருந்த ஆறு வருஷமும் பார்த்தேன். பேருந்துக்கு நின்றால் கால் ஆடும். பேச ஆரம்பித்தால் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாகவே பேச்சு முடியும். நான் தமிழ்நாட்டிலிருந்து பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிக்க வந்தவன். என்னைப் பார்த்தால் மட்டும் தமிழ் பேசுவாள். பாதி இந்த ஊர்க் கிரியோல் மொழி கலந்துவரும், அதுவும் அவசர அவசரமாக.

தீவின் தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு வங்கியில் அவளுக்கு வேலை. எண்பதுகளில் தீவெங்கும் ஆடை ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஆலைக்காரர்கள் ஹாங்காங்கிலிருந்து துணி வரவழைக்க வங்கி உத்தரவாதக் கடிதம் தர வேண்டும். அதில் ஒரு வார்த்தை பிசகினாலும் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும். பதினோரு வருஷம் பிசகாமல் எழுதியவள் வாசுகி. அவளிடம் தொழில் பழகிய மூன்று பேர் அவளைத் தாண்டி மேலே போய்விட்டார்கள். மூவரும் மேலாளர் க்ளோட் என்பவரோடு வேட்டைக்குப் போகும் கூட்டாளிகள். மான் வேட்டைப் பருவம் முடியும்போது காட்டுக் கொட்டகையில் ஒரு விருந்து நடக்கும்; யாருக்கு என்ன பதவி என்பது அங்கேதான் முடிவாகும். திங்கட்கிழமை கடிதம் வரும். கேட்டால், திறமை பார்த்துக் கொடுத்தோம் என்பார்கள்!

எண்பத்தேழில் அவளுடைய பிரிவின் தலைவர் நாற்காலி காலியானது. க்ளோட் இவளை விருந்துக்கு அழைத்தார். அதுவரை அந்த விருந்துக்குத் தமிழர் யாரும் போனதில்லை. விருந்து செப்டம்பர் கடைசி ஞாயிறு. அங்கேதான் வம்பு. அது புரட்டாசி மாதம். இங்குள்ள தமிழர்கள் கோவிந்தனுக்காக மாதம் முழுக்க விரதம் இருப்பார்கள். மீனும் கறியும் வீட்டுப் பக்கமே வராது.

"என்ன செய்யறது, சார்?" என்று படியேறி வந்து கேட்டாள்.

"விரதம்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னா, பாரு, இவ நம்மகூட சேரமாட்டான்னு சொல்லுவாங்க. ஆயோ, பதினோரு வருஷம், சார்!"

என் பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்கக் கீழே அவள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

விருந்தில் நடந்ததை அவளே பிறகு சொன்னாள். மேசை நடுவில் பெரிய அண்டா நிறைய மான்கறி. 'நீ சாப்பிடமாட்டாயா?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இவளுக்கு ஒரே பயம். யாரும் கேட்பதற்கு முன் தானே தட்டை நீட்டி இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டாள். மெல்லாமல் விழுங்கினாள். மூன்றாவது வாய் வைக்கும்போது க்ளோடின் மனைவி ஊகெட் உள்ளேயிருந்து ஒரு தட்டோடு வந்தாள். அதில் சோறும் பருப்பும் பூசணிக்காயும்.

"உனக்கு இது விரத மாசம்னு க்ளோட் சொன்னார். தனிச் சட்டியில செய்யச் சொன்..." என்றவள் வாசுகியின் தட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

க்ளோட்தான் முதலில் சிரித்தார். "பாத்தீங்களா? வாசுகி நம்ம ஆளு!"

எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். ஊகெட் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் கடிதம் வந்தது.

ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பதினோரு வருஷம் பொறுத்தவளுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்க நான் யார் என்றும் தோன்றியது.  அவள் அன்றிலிருந்து கோயிலில் தீபாராதனை நேரத்தில் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த புரட்டாசி வந்தது. அவளுடைய பிரிவில் குருமூர்த்தி என்று ஒரு புதுக் குமாஸ்தா. ரிவியேர் டு ராம்பார் ஊர்க்காரன், கல்யாணமானவன். கடைசிச் சனிக்கிழமை கோவிந்தன் பூஜைக்கு விடுப்புக் கேட்டு க்ளோடிடம் தாளை நீட்டியிருக்கிறான். அவர் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

குருமூர்த்தி நேரே வாசுகியின் மேசைக்கு வந்தான். "'உங்க மதாம் வாசுகியே போன வருஷம் இதே மாசத்துல நம்மகூட மான்கறி சாப்பிட்டாங்க, உனக்கு மட்டும் என்ன தனியா'ன்னு மிஸ்யே க்ளோட் கேக்கறார். பொய்தானே, அக்கா?"

வாசுகி எழுந்தாள். தாளை வாங்கிக்கொண்டு க்ளோடின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

"மிஸ்யே க்ளோட், அன்னிக்கு நான் பயந்து சாப்பிட்டேன். வேண்டாம்னு சொன்னா நாற்காலி கிடைக்காதுன்னு பயம். என் பயத்தைக் காட்டி மத்தவங்களை மிரட்டாதீங்க."

"உனக்குத் தனியா சமைச்சு வெச்சிருந்தோமே, வாசுகி!"

"அதை எனக்கு அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே ஏன் சொல்லல? நான் கேக்கவும் பயந்தேன். பயப்படற இடமாத்தானே இருக்கு இது?"

க்ளோட் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுவரை கால் ஆடாமல் நின்றாளாம்.

தாளோடு திரும்பி வந்தபோது குருமூர்த்தி இன்னும் அவள் மேசைக்கு முன்னால்தான் இருந்தான். க்ளோடிடம் சொன்னதைவிட இவனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"பொய்யில்ல, தம்பி," என்றாள். "சாப்பிட்டேன்."